சுவரோரப் பாத்தியில் பல்லாண்டுச் செடிகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

புதிதாகக் கட்டிய வீட்டின் சுற்றுச்சுவரை ஒட்டி இரண்டு முதல் நான்கு அடி அகலத்தில் விடப்படும் மண்பட்டையில், ஒரு முறை நட்டால் பல ஆண்டுகள் நிற்கக்கூடிய, அதிகக் கவனிப்புக் கேட்காத செடிகளை வைக்க வேண்டும் என்பதே பெரும்பாலானோரின் விருப்பம். நர்சரிக்குச் சென்று இட்லிப் பூ, நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி, நித்தியகல்யாணி என்று வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து நட்ட சில வாரங்களில், ஒன்று வாடுகிறது, ஒன்று மஞ்சளாகிறது, ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும் மூடிக்கொண்டு வளர்கிறது. இந்த வழிமுறை தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களை, குறிப்பாகச் சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஊட்டி, கொடைக்கானல் தோட்டங்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

சுவரோரப் பாத்தியில் தெரியும் கோளாறுகளில் பெரும்பகுதி செடி வாங்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் கணிப்பு. பராமரிப்புக் குறைவு என்பது ஒரு செடியின் பிறவிக் குணம் என்று கடையில் சொல்வார்கள். ஆனால், கன்னியாகுமரி மாவட்டத்துச் செம்மண்ணில் ஒருவரும் திரும்பிப் பாராமலே பூத்துக் குலுங்கும் அதே இட்லிப் பூ, சென்னையில் சுண்ணாம்புக் காரை கலந்த மண்ணில் ஆண்டு முழுவதும் வைத்தியம் கேட்கும் நோயாளியாகிவிடுகிறது. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் காரணத்தைக் கண்டறியும் முறை, உடனடியாகச் செய்ய வேண்டியது, அடுத்த முறை வாங்கும்போது பார்க்க வேண்டியது ஆகியவற்றைச் சேர்த்தே சொல்கிறேன்.

மருந்தை எடுப்பதற்கு முன்

செடி எப்படித் தோன்றினாலும், முதலில் பாத்தியைப் பற்றி மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது வடிகால். ஓர் அடி ஆழமும் ஓர் அடி அகலமும் உள்ள குழியைத் தோண்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடியும் நிரப்ப வேண்டும். மாலையில் இரண்டாவது முறை ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையிலும் நின்றால், அந்த இடத்தில் வேர் அழுகலை எதிர்பார்க்கலாம். இரண்டாவது சுண்ணாம்பு. பாத்தியின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உலர்த்திப் பொடித்து, அதன் மேல் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றினால், சுண்ணாம்போ சிமெண்டுக் காரையோ கலந்த மண்ணில் சிறு சிறு குமிழ்கள் பொங்கி எழும். காதருகே பிடித்தால் சரசரவென்ற ஒலி கூடக் கேட்கும். மூன்றாவது வெயில். ஒரு விடுமுறை நாளில் காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை, மணிக்கொரு முறை பாத்தியில் எங்கே நேரடி வெயில் விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் விழுந்தால் முழு வெயில், மூன்று முதல் ஆறு மணி நேரம் என்றால் அரை நிழல்.

இந்த மூன்றையும் பார்க்காமல், வாடினால் தண்ணீர், மஞ்சளானால் உரம், பூச்சி தெரிந்தால் மருந்து என்று கையில் கிடைத்ததை ஊற்றுவதே பல செடிகளைக் கொன்றிருக்கிறது.

நட்ட சில நாட்களில், மண் ஈரமாக இருந்தும் செடி துவள்கிறது

மேல்மண் ஈரமாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஓர் ஈர்க்குச்சியைத் தண்டை ஒட்டி, நர்சரியிலிருந்து வந்த வேர்ப்பந்துக்குள் நான்கு விரற்கடை ஆழம் இறக்கி, சிறிது நேரம் கழித்து உருவிப் பார்க்க வேண்டும். குச்சி உலர்ந்து வெளியே வந்தால், சுற்றியுள்ள பாத்தி நனைந்திருக்க, வேர் மட்டும் வறண்டு கிடக்கிறது என்று பொருள். தென்னை நார்க்கழிவில் வளர்ந்த செடிகளில் இது அடிக்கடி நேர்வது. நார்க்கழிவு ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் எளிதில் தண்ணீரை உறிஞ்சாது. ஊற்றிய நீர் பந்தின் வெளிப்புறமாக வழிந்து போய்விடும். அப்படிப்பட்ட செடியை மண்ணோடு மெல்ல எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் குமிழிகள் நிற்கும் வரை அமிழ்த்தி வைத்து, வேர்ப்பந்தின் ஓரங்களை விரலால் சற்றே தளர்த்தி மீண்டும் நட வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. வெளிமாநிலத்திலிருந்து லாரியில் வரும் செடிகளில், வேரைச் சுற்றிப் பிசுபிசுப்பான களிமண்ணை உருண்டையாக அப்பியிருப்பதைக் காணலாம். ஆந்திரத்தில் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியம் பகுதி தென்னிந்தியாவின் மிகப் பெரிய நர்சரி வட்டாரங்களுள் ஒன்று. தமிழ்நாட்டுக் கடைகளுக்கும் அங்கிருந்து ஏராளமான செடிகள் வருகின்றன. நெடுந்தூரப் பயணத்தில் வேர் உலராமல் இருக்கக் களிமண் உதவும் என்பது உண்மை. ஆனால் அது நம் பாத்தியில் காயும்போது கல்லாக இறுகும், நனையும்போது காற்றுப் புகாத சேறாகும். ஈர்க்குச்சி ஒட்டும் சேற்றோடு வெளியே வந்து, புளித்த வாடையும் அடித்தால், தண்ணீரை நிறுத்திவிட்டு, களிமண்ணில் பாதியையாவது நீரில் கரைத்து நீக்கி, மணலும் தொழு உரமும் கலந்த மண்ணில் நட வேண்டும். வேரைத் தொட்ட பிறகு சில நாட்கள் செடி இன்னும் சோர்ந்து தெரியும். அந்த நாட்களில் சாக்குத் துணியாலோ பழைய வேட்டியாலோ நிழல் கட்டிவிட்டு, இலைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளி விடுவது போதும். உரம் எதுவும் வேண்டாம்.

குச்சி சரியான ஈரத்தோடு வந்தும் செடி துவண்டால், பெரும்பாலும் வேர் அறுந்திருக்கிறது. இதை நர்சரியிலேயே கண்டுபிடிக்கலாம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தரையில் நின்ற கவர்களின் அடித்துளை வழியாக ஆணிவேர் தரைக்குள் இறங்கியிருக்கும். நீங்கள் செடியைக் காட்டியதும் ஊழியர் கவரைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுப்பார். படக்கென்று ஓர் ஓசை கேட்கும். கடையில் நிற்கும்போது அது பசுமையாகத்தான் இருக்கும், மூன்றாம் நாள்தான் தலை சாயும். ஆகவே செடியை நீங்களே தூக்கிப் பாருங்கள். எளிதாக எழும்பி வருவதை எடுங்கள். அடியில் ஒன்றிரண்டு வெள்ளை வேர் நுனிகள் எட்டிப் பார்ப்பது நல்லது. பழுப்பு நிறத்தில் பென்சில் தடிமன் வேர் சுருண்டு வெளியே தொங்கினால் அது பையில் காலம் கடந்த செடி. உயரமான செடியை விட, கவருக்கு ஏற்ற உயரத்தில் அடியிலிருந்தே மூன்று நான்கு கிளைகள் பிரிந்த செடி, விலை குறைவாக இருந்தாலும், பாத்திக்கு மேலானது. ஒரே ஒரு பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொன்னால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார், நீங்கள் அதே வகையில் பத்துச் செடி வாங்குவதாக இருந்தால்.

நடும்போது கவரை முழுவதும் நீக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றலாம். வாடிய செடியைப் பிடுங்கிப் பார்த்தால் கறுப்புப் பிளாஸ்டிக் அப்படியே வேரைச் சுற்றியிருப்பதைத் தோட்ட வேலை செய்பவர்கள் இன்றும் பார்க்கிறார்கள்.

புதிய இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன

இட்லிப் பூவிலும் செம்பருத்தியிலும் மிகுதியாகத் தெரியும் அறிகுறி இது. முதலில் எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்க்க வேண்டும். கீழே உள்ள முதிர்ந்த இலைகள் முழுவதும் சீராக வெளிறினால் தழைச்சத்துப் பற்றாக்குறை. மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ இட்டால் தேறும். முதிர்ந்த இலைகளில் நரம்புகளுக்கு இடையே மட்டும் மஞ்சள் படர்ந்தால் மெக்னீசியம் குறைவாக இருக்கலாம். நுனியில் இப்போதுதான் விரிந்த தளிர் இலை எலுமிச்சை நிறத்தில் இருக்க, அதில் நரம்புகள் பச்சை வலையாகத் தெரிந்தால், அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. முற்றிய நிலையில் நரம்பும் வெளுத்து, இலை ஓரம் காகிதம் போல் காய்ந்துவிடும்.

மண்ணில் இரும்பு இல்லாததால் இது வருவதில்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்பினால் வந்தது. மண்ணின் கார அமில நிலை (pH) ஏழரையைத் தாண்டும்போது, அந்த இரும்பு வேர் உறிஞ்ச முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. புது வீட்டுச் சுவரோரம் இதற்கென்றே அமைந்த இடம்: பூச்சு வேலையின்போது விழுந்த சிமெண்டுக் கலவை, சுண்ணாம்புச் சாந்து, உடைந்த கான்கிரீட்டுத் துண்டுகள் எல்லாம் அங்கேதான் புதைகின்றன, அதன் மேல் ஓர் அடிச் செம்மண்ணைக் கொட்டிச் சமப்படுத்திவிடுகிறார்கள். போதாக்குறைக்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரும் நாள்தோறும் காரத்தைக் கூட்டுகிறது. வினிகர் சோதனையில் மண் பொங்கியிருந்தால் மேற்கொண்டு ஐயப்பட வேண்டியதில்லை.

உடனடி நிவாரணத்துக்கு, நாட்டு மருந்துக் கடைகளிலும் உரக் கடைகளிலும் கிடைக்கும் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, அரை எலுமிச்சம் பழச் சாற்றைச் சேர்த்து வடிகட்டி, மாலை வெயில் தணிந்த பிறகு தளிர் இலைகளின் இரு பக்கமும் நனையும்படி தெளிக்க வேண்டும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் அடுத்து வரும் தளிர்கள் பச்சையாக வரும். ஏற்கெனவே வெளுத்த இலை முழுமையாகத் திரும்பாமல் போகலாம். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். பழுப்பாக மாறிய கரைசலால் பயனில்லை. டைல்ஸ் தரையிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டால் துருக்கறை பிடித்துக்கொள்ளும், பிறகு சுரண்டினாலும் போகாது. அன்னபேதியைச் சுண்ணாம்பு மண்ணில் நேரடியாகப் போடுவதும் வீண், ஏனெனில் அங்கே விழும் இரும்பும் சில நாட்களில் பூட்டிக்கொள்ளும். மண்ணில் இடுவதானால், இதற்கென்று விற்கப்படும், மண்ணில் பூட்டிக்கொள்ளாத கீலேட் (chelate) வடிவ இரும்பை வாங்க வேண்டும். அது விலை கூடியது.

இப்படி மாதந்தோறும் தெளித்துக்கொண்டிருப்பது குறைந்த பராமரிப்பு ஆகாது. செடிக் குழியை இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் தோண்டி, காரையை அள்ளி வெளியேற்றி, நல்ல செம்மண்ணும் மக்கிய இலைத்தழையும் நிரப்புவது ஒரு வழி. ஏசி எந்திரத்திலிருந்து சொட்டும் நீரை வாளியில் பிடித்து இட்லிப் பூவுக்கு மட்டும் ஊற்றுவது நல்ல துணை, அதில் உப்பு மிகக் குறைவு. இரண்டும் இயலாதெனில் பிடிவாதத்தை விட்டுவிட்டு, சுண்ணாம்பைப் பொறுத்துக்கொள்ளும் செடிகளுக்கு மாறிவிடலாம். அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, டிசம்பர் பூ ஆகியவை இந்த மண்ணில் முகம் சுளிப்பதில்லை. டிசம்பர் பூவை நர்சரியில் முன்வரிசையில் வைக்க மாட்டார்கள். பூக்காத மாதங்களில் அது வெறும் பச்சைப் புதர். கேட்டால் பின்னாலிருந்து எடுத்துத் தருவார்கள். ஊதாவிலும் வெள்ளையிலும் கார்த்திகை, மார்கழி முழுவதும் பூத்து, பின்பு பாதிக்கு வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டும் தானாக வரும் அந்தச் செடி நம் பாத்திகளில் இவ்வளவு அரிதாகிப் போனதற்கு விற்பனைக்கூடத்தில் கண்ணைக் கவராதது தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வாங்கும்போது பூத்திருந்தது, வந்த பிறகு மொட்டெல்லாம் உதிர்கிறது

முதல் பத்து நாட்களில் உதிர்ந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. நிழல்வலையின் கீழ் நின்ற செம்பருத்தியைத் திடீரென்று முழு வெயிலில் வைத்தால், இருக்கும் மொட்டுகளைக் கைவிட்டு வேரைக் காப்பாற்றிக்கொள்ளும். வாங்கி வந்த செடியை ஒரு வாரம் மரநிழலில் வைத்து, பிறகு காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றி, அதன் பின் பாத்தியில் நட்டால் இந்த இழப்புக் குறையும். பூவோடு நிற்கும் செடியை விட, மொட்டுக் கட்டத் தொடங்கியிருக்கும் செடியை வாங்குவதே நல்லது. நிறத்தை உறுதி செய்துகொள்ள அதே வரிசையில் ஒரு பூ போதும்.

இரண்டு மாதம் கடந்தும் இலை மட்டும் கரும்பச்சையாகத் தழைத்து, பூவே வரவில்லை என்றால், தழைச்சத்து மிகுந்துவிட்டதா அல்லது வெயில் போதவில்லையா என்று பார்க்க வேண்டும். கணு இடைவெளி நீண்டு, தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தால் வெயில்தான் குறை. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சென்னை 13 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே செல்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. எனவே வீட்டின் வடபுறத்துப் பாத்தி கோடையில் வெயில் காய்ந்து, கார்த்திகை முதல் மாசி வரை வீட்டு நிழலுக்குள் போய்விடும். மே மாதத்தில் வெயிலைப் பார்த்து அங்கே அரளியும் டேபிள் ரோஸும் வைத்தவர்களுக்குத் தை மாதத்தில் ஒரு பூவும் கிடைக்காது. வடபுறத்துக்கு அரை நிழலில் மகிழ்ந்து பூக்கும் கனகாம்பரமும் நந்தியாவட்டையும் பொருத்தம். கனகாம்பரத்தில் டெல்லி கனகாம்பரம் எனப்படும் வகை மும்மய இனம் (triploid), ஆகவே விதை பிடிக்காது, போத்து, அதாவது தண்டுத் துண்டு, வைத்தே பெருக்க வேண்டும். ஆகவே அதன் விதை என்று யாரேனும் பொட்டலம் நீட்டினால் வாங்க வேண்டாம்.

முழங்கால் உயரத்தில் அடர்ந்து பூத்திருந்த செடி, நட்ட ஆறு மாதத்தில் நெடுநெடுவென்று வளர்ந்து பூ குறைந்தால், அது நோயன்று. வணிக முறையில் வளர்க்கப்படும் சில தொட்டிச் செடிகளுக்கு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ரசாயனம் இடுவதுண்டு. அதன் வீரியம் தீர்ந்ததும் செடி தன் இயல்பான உயரத்துக்குப் போகிறது. கவாத்து செய்துகொண்டேயிருக்க விருப்பமில்லையெனில், வாங்கும்போதே தாய்ச்செடியைக் காட்டச் சொல்ல வேண்டும். தரையில் வளர்ந்து முதிர்ந்த ஒரு செடியைப் பார்த்துவிட்டால், அட்டையில் எழுதியிருக்கும் எதையும் நம்ப வேண்டியதில்லை. அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளிலும், சென்னைக் கதீட்ரல் சாலையில் 2010இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா போன்ற இடங்களிலும் வளர்ந்த செடிகளை நிலத்தில் பார்க்க முடிவது, வாங்குபவருக்குப் பெரிய வசதி.

ஒரே பருவத்தில் செடி முழுவதும் காய்ந்துவிட்டது

நீர், மண், வெயில் எல்லாம் சரியாக இருந்தும் இப்படியானால், வாங்கியது பல்லாண்டுச் செடிதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதங்களில் நர்சரிகளை நிறைக்கும் பெட்டூனியா, டயாந்தஸ், ஜினியா, செண்டுமல்லி ஆகியவை நம் கோடையைத் தாண்டாதவை. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். “வருஷம் முழுக்கப் பூக்கும்” என்பது எல்லாச் செடிக்கும் அவர் வழங்கும் ஆசி. தண்டின் அடியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பச்சையாக, நீர்த்தன்மையோடு நசுங்கினால் பெரும்பாலும் ஒரு பருவச் செடி. பட்டை பழுப்பேறிக் கடினமாக இருந்தால் நீண்ட நாள் நிற்கும். லில்லி, கல்வாழை போன்ற கிழங்குச் செடிகளுக்கு இந்தச் சோதனை செல்லாது. மே மாதத்தில் மலர்க்கண்காட்சிக்குப் போய் ஆசையோடு வாங்கி வரும் ஹைட்ரேஞ்சியாவும் ஃபூஷியாவும் மலைச்செடிகள், அக்னி நட்சத்திரத்தில் சமவெளிக்கு வந்தால் அவற்றைக் காப்பாற்ற வழியில்லை.

ஆனால், காய்ந்துபோனதாகத் தோன்றுவதெல்லாம் இறந்ததன்று. பந்து போல் சிவந்த பூ விடும் ஃபுட்பால் லில்லி, குளிர் மாதங்களில் இலைகளை முற்றிலும் உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் கிழங்காக உறங்கும். கோடை மழையில் மறுபடி எழும். ரெயின் லில்லியும் வறட்சியில் மறைந்து, ஒரு நல்ல மழை பெய்த சில நாட்களில் பாத்தி முழுவதும் பூத்து நிற்கும். இவற்றை நட்ட இடத்தில் ஒரு கல்லையோ குச்சியையோ அடையாளம் வைக்காவிட்டால், வேலைக்கு வருபவர் வெற்றிடம் என்று எண்ணிக் கொத்திவிடுவார்.

நுனித் தண்டில் வெள்ளைப் பஞ்சு, இலையில் பிசுபிசுப்பு, எறும்பு நடமாட்டம்

மாவுப்பூச்சி. செம்பருத்திக்கு இது கூடப் பிறந்ததைப் போன்றது. எறும்புகள் அதன் தேன்கழிவுக்காக அதைக் காவல் காக்கின்றன, ஆகையால் எறும்பு ஏறும் வழியைத் தடுக்காமல் பூச்சியை மட்டும் கழுவினால் மீண்டும் வரும். முதலில் தாக்கப்பட்ட நுனிகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்தி, மீதியைக் குழாய்த் தண்ணீரால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அதன் பின் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளிச் சோப்புக் கரைசலும் கலந்து, வாரம் ஒரு முறை மாலையில் தெளித்தால் கட்டுக்குள் வரும்.

கடுமையான பூச்சிக்கொல்லிக்கு ஓடுவதை நான் விரும்புவதில்லை. அதற்குத் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு சான்றும் உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் தாக்கி, மருந்துகளுக்கு அடங்காமல் மாநிலம் முழுவதும் பரவியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்டு விடப்பட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளே அதை அடக்கின. தோட்டத்தில் நஞ்சைத் தெளிக்கும்போது முதலில் சாவது இத்தகைய உதவிப் படைதான். வாங்கும்போது இலையின் அடிப்பக்கத்தையும் நுனிக் குருத்தையும் கணுக்களையும் பார்த்து, ஒரு செடியில் பஞ்சு தெரிந்தால் அதற்கு அருகில் நின்றவற்றையும் விட்டுவிட வேண்டும். புதிய செடிகளைப் பழைய செடிகளோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே வைப்பது எல்லாத் தெளிப்புகளையும் விடச் சிக்கனமானது.

இலை ஓரங்கள் கருகுகின்றன

சுவரை நோக்கிய பக்கத்து இலைகள் மட்டும் கருகினால், மேற்கு வெயிலை வாங்கிய சுவர் உமிழும் வெப்பம் காரணம். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி நட வேண்டும். எல்லாப் பக்கத்திலும் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் கருகி, மண்ணின் மேல் வெள்ளைப் படலம் பூத்திருந்தால் உப்பு. ஆர்ஓ எந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றும் வீடுகளில் இதைத் தவறாமல் பார்க்கலாம், அந்த நீரில் மூல நீரை விட உப்பு செறிந்திருக்கும். அதை வாசல் கழுவப் பயன்படுத்திக்கொண்டு, மழை நீரையோ நல்ல நீரையோ பாத்தியில் நிறையக் கட்டி ஒரு முறை உப்பை அடிமண்ணுக்கு இறக்கிவிட வேண்டும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு தண்டின் அடி கறுத்துச் சாய்கிறது

சென்னை ஆண்டு முழுவதும் பெறும் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கிறது. கோடையில் எந்தக் கவனிப்பும் கேட்காத நித்தியகல்யாணி, அந்த வாரங்களில் தண்ணீர் தேங்கினால் அடியோடு அழுகிவிடும். அழுகிய செடியைக் காப்பாற்ற முயல வேண்டாம். பிடுங்கி, அந்த மண்ணைக் காயவிட்டு, பாத்தியை நடைபாதை மட்டத்திலிருந்து ஆறு அங்குலமாவது உயர்த்த வேண்டும். வாங்கும் பட்டியலையும் பாத்தியின் சரிவைப் பார்த்தே எழுத வேண்டும். தண்ணீர் ஓடி வந்து நிற்கும் தாழ்ந்த முனைக்குக் கல்வாழையும் ஸ்பைடர் லில்லியும், மேட்டுப் பகுதிக்கு நித்தியகல்யாணியும் அரளியும்.

ஒரே செடி பாத்தி முழுவதையும் பிடித்துக்கொண்டது

நட்ட அன்றே பாத்தி நிறைந்து தெரிய வேண்டும் என்று நெருக்கி நடுவதால் வருவது ஒரு வகை. பத்தடி நீளம், மூன்றடி அகலமுள்ள பாத்திக்கு, பெரிய வகை இட்லிப் பூவானால் மூன்றடிக்கு ஒன்று, அதாவது மூன்று அல்லது நான்கு செடிகள் போதும்; குட்டை வகையானால் ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை. கடையில் இருபது வாங்கச் சொல்வார்கள். முதல் ஆண்டின் இடைவெளியை மறைக்க, வெயிலுள்ள இடத்தில் டேபிள் ரோஸைக் கிள்ளி ஊன்றிவிட்டால், மற்றவை வளர்ந்து நிழல் விழும்போது அது தானே ஒதுங்கும்.

இன்னொரு வகை, செடியின் சுபாவமே பரவுவது. ஊதாப் பூப் பூக்கும் மெக்சிகன் பெட்டூனியாவைப் பராமரிப்பே வேண்டாத செடி என்று விற்கிறார்கள், அது உண்மையும் கூட. பள்ளிப் பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்கச் செய்யும் பட்டாசுக் காயின் நெருங்கிய உறவு அது. ஈரம் பட்டதும் காய் வெடித்து விதை தெறிக்கும், முதல் மழையிலேயே நடைபாதை விரிசல் வரை நாற்று முளைக்கும். விதையில்லாத வகையைக் கேட்டு வாங்கலாம், இல்லையெனில் தவிர்க்கலாம். மஞ்சள் பூவோடு தரையில் படரும் வெடேலியாவும், உண்ணிச்செடி எனப்படும் லாண்டானாவும் உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் உள்ளவை. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் உண்ணிச்செடி என்ன செய்திருக்கிறது என்று பார்த்தவர்கள் அதை விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். வீட்டுப் பாத்தியில் ஏற்கெனவே வெடேலியா இருந்தால், ஒரு கணுவும் மண்ணில் மிஞ்சாதபடி ஈரமான நாளில் உருவி எடுத்து, வெயிலில் கருக உலர்த்த வேண்டும்; குப்பைமேட்டில் பச்சையாக எறிந்தால் அங்கே வேர் பிடிக்கும்.

ஆடும் மாடும் மேய்ந்துவிடுகின்றன

சுவர் இல்லாமல் கம்பிவேலி மட்டும் உள்ள மனைகளில் அரளியும் நித்தியகல்யாணியும் நிற்கும், செம்பருத்தி ஒரு நாள் கூட நிற்காது. ஆனால் அரளியின் இலை, பூ, தண்டு, வேர் அனைத்தும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தையோ, செடி கடிக்கும் நாயோ உள்ள வீட்டில் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, நந்தியாவட்டையை வேலிக்கு உட்புறமாகத் தள்ளி வையுங்கள். வெட்டிய அரளிக் கிளைகளை எரிக்கவும் வேண்டாம், புகையும் தீங்கு செய்யும்.

செத்த இடத்தில் எப்போது மறு செடி வைப்பது

சித்திரை, வைகாசியில் எதையும் வாங்க வேண்டாம், கடையில் தள்ளுபடி கொடுத்தாலும். ஆடி மாதத்தில் முதல் மழைகள் விழுந்த பிறகு நட்டால், ஐப்பசிப் பெருமழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் கிடைக்கிறது. அதைத் தவறவிட்டால், மழை ஓய்ந்த தை மாதம் அடுத்த வாய்ப்பு. அப்போது நட்டவற்றுக்கு வரும் கோடை முழுவதும் இரண்டு நாளுக்கு ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விட வேண்டியிருக்கும். எந்தச் செடியானாலும் முதல் பன்னிரண்டு மாதம் பராமரிப்பு உண்டு. ஒரே இடத்தில் இரண்டு முறை செத்திருந்தால், மூன்றாவது முறை அதே செடியை வாங்காமல், குழியைத் தோண்டி வடிகாலையும் சுண்ணாம்பையும் மறுபடி சோதித்துவிட்டு நர்சரிக்குப் புறப்படுங்கள்.